வண்டியா, பொட்டலமா, பணமா, ஆளா?

நடமாடும் மருத்துவ வண்டி ஒன்று வாங்கினால் விழா எடுக்கலாம், ரிப்பன் வெட்டலாம், வண்டிக்கு முன்னால் வரிசையாக நின்று படம் பிடித்துக்கொள்ளலாம். வீடு வீடாக நடந்து போகும் ஒரு பெண்ணுக்கு மாதாமாதம் சம்பளம் போட்டால் படம் பிடிக்க ஒன்றும் இருக்காது. மருத்துவ வசதி எட்டாத கிராமங்களில் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் ஏதாவது செய்வோம் என்று நாலு பேர் கூடி உட்காரும் இடங்களில் வண்டி அடிக்கடி ஜெயிப்பதற்கு இதுவும் ஒரு காரணமோ என்று எனக்கு நெடுநாள் சந்தேகம்.

அப்படி உட்காரப் போகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கணக்குக்கு வசதியாக ஒரு நிலைமையை வைத்துக்கொள்வோம். சுமார் 40 சிறு ஊர்கள், ஊருக்கு ஆயிரம் பேர். பாதி ஊர்களுக்குத்தான் சாலை உண்டு, மழைக்காலத்தில் அதுவும் சந்தேகம். அறுவைசிகிச்சை செய்து குழந்தையை எடுக்கக்கூடிய ஆஸ்பத்திரி இரண்டு மணி நேரத் தூரத்தில். கையில் நாலைந்து வருடத்துக்குப் பணம் இருக்கிறது, ஆனால் எல்லாவற்றையும் செய்யப் போதாது. மேசையில் நான்கு யோசனைகள்: மருத்துவ வண்டி, சத்துணவுப் பொட்டலம், தாயின் கையில் பணம், ஊருக்கு ஒரு சுகாதாரப் பணியாளர்.

எதை எடுப்பது என்று கேட்கும் முன் இன்னொன்றைக் கேட்க வேண்டும். எந்த நேரத்தில் இழக்கிறோம்? உலக அளவில் ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகளில் கிட்டத்தட்ட பாதிப் பேர் பிறந்த 28 நாளுக்குள் போய்விடுகிறார்கள். அதிலும் ஏறக்குறைய முக்கால் பங்கு முதல் வாரத்தில். தாயைக் கொல்லும் ரத்தப்போக்கு பெரும்பாலும் பிரசவம் ஆன முதல் நாளிலேயே வருகிறது. சத்துக்குறைவோ அவசரப்படுவதில்லை. கருவில் தொடங்கி இரண்டு வயது வரை மெல்ல மெல்ல வேலை பார்க்கும். ஒன்று மணிக்கணக்கு, மற்றது மாதக்கணக்கு. மேசையில் இருக்கும் ஒவ்வொரு யோசனையையும் இந்த இரண்டிலும் போட்டுப் பார்த்தால் பாதிக் குழப்பம் தெளிந்துவிடும்.

வண்டியின் கணக்கு

மாதத்துக்கு 22 வேலை நாள், நாளுக்கு ஓர் ஊர். 40 ஊரைச் சுற்றி வர ஏறக்குறைய 55 நாள் ஆகும். அதாவது ஒரு குழந்தை பிறந்த முதல் வாரத்தில் வண்டி அந்த ஊரில் இருக்க எட்டில் ஒரு வாய்ப்பு. மீதி ஏழு குழந்தைகளுக்கு வண்டி இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். கர்ப்பகாலத்தில் எட்டு முறையாவது பரிசோதனைக்கான சந்திப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் சொன்னது. கர்ப்பம் என்று தெரிந்த பிறகு மிஞ்சும் ஏழு மாதத்தில் நம் வண்டி நான்கு முறை வந்தால் அதிகம். அதில் ஒரு முறை சேறு, ஒரு முறை டிரைவருக்குக் காய்ச்சல்.

வண்டியால் பயனே இல்லை என்று சொல்ல வரவில்லை. தேதி குறித்துச் செய்யக்கூடிய வேலைகளுக்கு அது நல்ல கருவி. தடுப்பூசி, ரத்த அழுத்தம், ரத்தசோகைப் பரிசோதனை, இரட்டைக் கருவா என்று பார்ப்பது, குடும்பக் கட்டுப்பாட்டு ஆலோசனை எல்லாம் அதில் நடக்கும். ஊரில் ஏற்கெனவே ஒரு பணியாளர் இருந்து, "இந்த ஐந்து பேரை நர்ஸ் கட்டாயம் பார்க்கணும்" என்று பட்டியலோடு காத்திருந்தால் வண்டி பிரமாதமாக வேலை செய்யும். பட்டியல் இல்லாத ஊரில் வரிசையின் முன்னால் நிற்பவர்கள் மூட்டுவலிப் பெரியவர்கள்தான். ஏழு மாதக் கர்ப்பிணி வீட்டு வேலை முடித்து வரும்போது வண்டி கிளம்பத் தயாராக இருக்கும்.

பொட்டலம் வீட்டுக்குள் போன பிறகு

உணவு கொடுப்பதை எதிர்த்து யாரும் பேச மாட்டார்கள். பசிக்கிறது, சோறு போடுகிறோம், இதில் என்ன ஆராய்ச்சி? ஆராய்ச்சியும் அதன் பக்கமே நிற்கிறது. குவாத்தமாலாவில் 1969 முதல் 1977 வரை நான்கு கிராமங்களில் ஒரு சோதனை நடந்தது. இரண்டு கிராமங்களில் புரதம் சேர்த்த சத்துக் கஞ்சி, மற்ற இரண்டில் புரதம் இல்லாத இனிப்புப் பானம். பல பத்தாண்டுகள் கழித்து அந்தக் குழந்தைகளைத் தேடிப்பிடித்துப் பார்த்தார்கள். இரண்டு வயதுக்குள் கஞ்சி குடித்த ஆண்கள் மணிக்கு ஈட்டிய கூலி, மற்ற கிராமத்து ஆண்களுடையதைவிட 46 சதவீதம் அதிகம். மூன்று வயதுக்கு அப்புறம்தான் கஞ்சி கிடைத்தது என்றால் இந்தப் பலன் இல்லை.

எனவே உணவு வேலை செய்யும், ஆனால் வயது தவறினால் செய்யாது. பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளுக்குப் பொட்டலம் கொடுத்து வளர்ச்சிக் குறைவைச் சரிசெய்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் வாசலைத் தாண்டியதும் வருகிறது. பொட்டலத்தில் பத்து மாதக் குழந்தையின் பெயர் எழுதியிருக்கலாம். அடுப்பில் ஏறும்போது அது ஐந்து பேருக்கான உணவு. நான்கு வயது அண்ணன் பார்த்துக்கொண்டிருக்க, தம்பிக்கு மட்டும் ஊட்ட எந்தத் தாய்க்கும் மனம் வராது. அதைக் குற்றம் சொல்லவும் முடியாது. தாய்க்குப் பொட்டலம் வந்தால் வழக்கமாக அவள் தட்டில் விழும் பங்கு கொஞ்சம் சுருங்கும். மொத்தத்தில் கொடுத்ததில் ஒரு பகுதிதான் கொடுக்க நினைத்தவரிடம் சேரும்.

அப்புறம், பல வீடுகளில் குறை உணவின் அளவில் மட்டும் இல்லை. ஊட்டும் விதத்திலும் இருக்கிறது. ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குத் தாய்ப்பாலோடு நாளுக்கு 200 கலோரி போல இணை உணவு வேண்டும். ஒரு வயதுக்கு மேல் 550 வரை. அந்தக் குழந்தையின் வயிறோ அதன் கைப்பிடி அளவு. கஞ்சியைத் தண்ணீராகக் கரைத்துக் கொடுத்தால் வயிறு நிறையும், சத்து ஏறாது. இதை ஒரு கரண்டியால் காட்டிவிடலாம். கரண்டியைச் சாய்த்தால் கஞ்சி வழிந்து ஓடக் கூடாது, ஒட்டிக்கொண்டு மெதுவாக இறங்க வேண்டும். அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தடவை செய்து காட்டினால் தாய்க்கு மறக்காது. பொட்டலத்தின் முதுகில் அச்சடித்தால் யாரும் படிக்கப் போவதில்லை.

ஒரே ஒரு இடத்தில் பொட்டலம் எல்லா யோசனைகளையும் முந்தும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான குழந்தையின் மேல்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் அது கடும் சத்துக்குறைவு, உயிருக்கு ஆபத்து. அந்தக் குழந்தைக்குப் பசி எடுக்கிறது, வேறு சிக்கல் இல்லை என்றால் வீட்டிலேயே வைத்து, தண்ணீர் சேர்க்காத சிகிச்சை உணவுப் பசையைக் கொடுத்துத் தேற்றலாம் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் மற்ற ஐ.நா. அமைப்புகளும் 2007இல் கூட்டாக அறிவித்தன. அங்கே பொட்டலம் மருந்து. ஆனால் அந்த மருந்து யாருக்கு வேண்டும் என்று கண்டுபிடிக்க யாராவது நாடாவை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போக வேண்டும்.

பணமும் பேச்சும்

ஏழைக் குடும்பத்துக்கு எது தேவை என்று அந்தக் குடும்பத்தைவிட நமக்கு நன்றாகத் தெரியும் என்று நினைப்பது கொஞ்சம் அகங்காரம்தான். அதனால் பணமாகவே கொடுத்துவிடும் யோசனை எனக்குப் பிடிக்கும். மெக்சிகோ 1997இல் பெரிய அளவில் தொடங்கிய திட்டத்துக்குப் பிறகு பல நாடுகள் இந்த வழிக்கு வந்தன. பிள்ளையைப் பரிசோதனைக்குக் கூட்டி வா, பள்ளிக்கு அனுப்பு, தாயின் கையில் பணம் வரும் என்பது அதன் ஏற்பாடு.

பணம் மக்களை நகர்த்தும், அதில் சந்தேகமில்லை. இந்தியா 2005இல் ஆஸ்பத்திரிப் பிரசவத்துக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியதும் ஆஸ்பத்திரிக்குப் பிரசவத்துக்கு வந்தவர்கள் எண்ணிக்கை வேகமாகக் கூடியது. பச்சிளங்குழந்தை இறப்பு அதே வேகத்தில் குறைந்ததா என்பதில் ஆய்வாளர்கள் ஒரே குரலில் பேசவில்லை. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். பணம் ஒருத்தியை ஆஸ்பத்திரி வாசல் வரை கொண்டுவரும். உள்ளே நர்ஸ் இருக்கிறாரா, மருந்து இருக்கிறதா என்பது பணத்தின் கையில் இல்லை.

இந்த ஒப்பீட்டில் எனக்கு மிகவும் உதவிய ஆய்வு வங்கதேசத்தில் 2012க்கும் 2014க்கும் இடையே நடந்தது. மிக ஏழையான கிராமத்துத் தாய்மாரைக் குழுக்களாகப் பிரித்தார்கள். சிலருக்குப் பணம் மட்டும். சிலருக்கு உணவு மட்டும். சிலருக்கு இரண்டும் பாதிப் பாதி. நாட்டின் வடபகுதியில் ஒரு குழுவுக்குப் பணத்தோடு, குழந்தைக்கு என்ன ஊட்டுவது, எப்படி ஊட்டுவது என்ற பயிற்சி. வாராவாரம் கூட்டம், வீட்டுக்கே வந்து பார்ப்பது, மாமியார் கணவன் முதலானவர்களிடமும் பேசுவது. இரண்டு வருட முடிவில் வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகளின் விகிதம் அந்தக் கடைசிக் குழுவில் சுமார் 7 சதவீதப் புள்ளி குறைந்திருந்தது. பணம் மட்டும் வாங்கியவர்களிடமும் உணவு மட்டும் வாங்கியவர்களிடமும் அப்படி ஒரு மாற்றம் தெரியவில்லை. தென்பகுதியில் உணவோடு பயிற்சி கொடுத்துப் பார்த்தபோது உயரத்தில் அந்த அளவு பலன் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதனால் பேச்சு மட்டும் போதும் என்றும் முடிவு கட்டிவிட முடியாது. வாங்கக் காசில்லாதவளிடம் முட்டை கொடு, பருப்பு கொடு என்று சொல்லிக்கொண்டே இருப்பது அவளைக் குத்திக்காட்டுவது போலத்தான்.

பணமும் வேண்டும், வந்து பேச ஆளும் வேண்டும். இதில் பணத்தை அரசின் ஏதாவது ஒரு திட்டம் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கலாம். ஆளைத்தான் பெரும்பாலும் யாரும் கொடுப்பதில்லை.

ஆள்

மகாராஷ்டிராவின் கட்சிரோலி மாவட்டத்தில் அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதி 1990களில் செய்த சோதனையைத் தாய்-சேய் நலத்தில் வேலை செய்பவர்கள் எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். 39 கிராமங்களில் ஊர்ப் பெண்களையே தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். பிரசவ நேரத்தில் கூட இருப்பது, மூச்சுவிடாத குழந்தையை மூச்சுவிட வைப்பது, எடை பார்ப்பது, குளிர் அண்டாமல் பொதிந்து வைப்பது, முதல் மாதத்தில் பலமுறை வீட்டுக்குப் போவது, கிருமித்தொற்று என்று தெரிந்தால் ஆன்டிபயாடிக் ஊசி போடுவது. மூன்றாவது ஆண்டில் பச்சிளங்குழந்தை இறப்பு, ஒப்பீட்டுக் கிராமங்களோடு பார்க்கையில் 62 சதவீதம் குறைந்திருந்தது. 1999இல் இது வெளியானபோது, ஊசியை ஊர்ப் பெண்ணின் கையில் கொடுப்பதா என்ற கேள்வி பெரிதாக எழுந்தது. இன்றும் பல இடங்களில் சட்டம் அதை அனுமதிக்காது. ஊசி இல்லாவிட்டாலும் மீதி வேலைகள் இருக்கின்றன.

அந்த மீதி வேலைகளில் ஒன்றைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். பிறந்து மூன்று நாளான குழந்தை. பணியாளர் கையைக் கழுவிவிட்டுத் துணியை விலக்குகிறாள். குழந்தை அழாமல் இருக்கும் நேரமாகப் பார்த்து வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிஷம் எண்ணுகிறாள். அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்கக் கூடாது, இந்த வயதில் மூச்சு சீராக இருக்காது. 60 அல்லது அதற்கு மேல் வந்தால் இன்னொரு முறை எண்ணுவாள். மறுபடியும் அப்படியே என்றால் அன்றைக்கே அனுப்ப வேண்டிய குழந்தை. பால் குடிப்பதை நிறுத்திவிட்டதா, தொட்டால் சில்லென்று இருக்கிறதா, தொப்புளைச் சுற்றிச் சிவந்திருக்கிறதா என்றும் பார்ப்பாள். எடை குறைந்த குழந்தை என்றால் தாயின் வெற்று மார்போடு ஒட்டிக் கட்டிவைக்கச் சொல்லிக்கொடுப்பாள். ஹரியானாவில் வீட்டிலேயே இதைச் செய்ய வைத்துப் பார்த்து 2019இல் வெளியான ஆய்வில், எடை குறைந்த குழந்தைகளின் முதல் 28 நாள் இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. இதற்குத் தேவைப்பட்டது ஒரு துணியும், சொல்லிக்கொடுக்க ஓர் ஆளும்.

ஆயிரம் பேருக்கு ஒரு பணியாளர் என்றால் வேலை தாங்குமா? ஆயிரம் பேர் உள்ள ஊரில் வருடத்துக்கு 25 பிறப்பு என்று வையுங்கள். மாதத்துக்கு இரண்டு. பிறந்த வீட்டுக்கு முதல் மாதத்தில் எட்டுத் தடவை போனாலும் மொத்தம் 16 தடவைதான். எந்த நேரத்திலும் பதினைந்து இருபது கர்ப்பிணிகள், இரண்டு வயதுக்குள் ஐம்பது குழந்தைகள். மாதம் ஒரு முறை எல்லோரையும் பார்த்தாலும் நாளுக்கு நாலைந்து வீடு. தாங்கும். தாங்காமல் போவது எப்போது என்றால், காசநோய்ப் பட்டியல், கொசுக் கணக்கெடுப்பு, தேர்தல் வேலை, பதினான்கு பதிவேடுகள் என்று எல்லாவற்றையும் அவள் தலையில் ஏற்றும்போதுதான். "தன்னார்வலர்" என்று பெயர் சூட்டிச் சம்பளத்தைத் தட்டிக்கழிப்பது இன்னொரு வழக்கம். அப்படி ஓட்டும் திட்டத்தில் இரண்டாம் வருடம் ஆள் இருக்க மாட்டாள், கொடுத்த பைகளும் அளவு நாடாக்களும்தான் மிஞ்சும். சோதனையில் கிடைத்த பலன் பெரிய அளவில் விரிக்கும்போது சுருங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த மாதிரி விஷயங்கள். பத்துப் பதினைந்து பணியாளருக்கு ஒரு மேற்பார்வையாளர், வெறும் தாளைப் பார்க்காமல் கூடவே வீட்டுக்குப் போகிற மேற்பார்வையாளர், கட்டாயம் வேண்டும்.

இரும்புச்சத்து மாத்திரையும் இந்த ஆள் இல்லாமல் வயிற்றுக்குள் போவதில்லை. கர்ப்பிணிக்குத் தினமும் 30 முதல் 60 மில்லிகிராம் இரும்பு, 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் என்பது எல்லோருக்கும் தெரிந்த பரிந்துரை. மாத்திரையை வாங்கிப் போகிறார்கள். இரண்டு நாளில் மலம் கறுக்கிறது, குமட்டுகிறது, அட்டை அலமாரியில் ஏறிவிடுகிறது. "கறுப்பாகப் போகும், பயப்படாதே. சாப்பிட்ட பிறகு போடு" என்று முதல் நாளே யாராவது சொல்லிவிட்டு, அடுத்த மாதம் வந்து அட்டையைக் காட்டச் சொன்னால் கதையே வேறு.

இந்த ஆளோடு சேர்த்து ஒரு கூட்டமும் வேண்டும் என்பேன். நேபாளத்தின் மக்வான்பூரில் தாய்மார் குழுக்கள் மாதம் ஒரு முறை கூடிப் படச் சீட்டுகளை வைத்துப் பேசின. நம் ஊரில் குழந்தைகள் ஏன் சாகின்றன, நாம் என்ன செய்யலாம் என்பதுதான் பேச்சு. அவசரத்துக்கு ஒரு நிதி சேர்த்தார்கள், தூக்கிப் போக ஸ்ட்ரெச்சர் ஏற்பாடு செய்தார்கள், சுத்தமான பிரசவப் பொதிகளைத் தாங்களே தயாரித்தார்கள். 2004இல் வெளியான முடிவில் பச்சிளங்குழந்தை இறப்பு 30 சதவீதம் குறைவு. இதையே வங்கதேசத்தில் செய்தபோது முதலில் ஒன்றும் நடக்கவில்லை. 1,400 பேருக்கு ஒரு குழு என்று வைத்திருந்தார்கள். பிறகு 300 பேருக்கு ஒரு குழு என்று நெருக்கி வைத்ததும் இறப்பு 38 சதவீதம் குறைந்தது. ஏழு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் இதே பாடம்தான். கர்ப்பிணிகளில் மூன்றில் ஒரு பங்காவது கூட்டத்துக்கு வந்தால்தான் பலன் தெரிகிறது. நம் கணக்கில் ஊருக்கு மூன்று குழு. அரைகுறையாக நாற்பது ஊரிலும் செய்வதைவிட இருபது ஊரில் ஒழுங்காகச் செய்யலாம்.

கழிப்பறை, கைகழுவல், சுத்தமான தண்ணீர் இவற்றைப் பற்றி ஒரே ஒரு குறிப்பு. இவை வேண்டியவை, தனியாகவே வேண்டியவை. ஆனால் குழந்தைகளின் உயரம் கூடும் என்ற எதிர்பார்ப்பில் இந்தப் பணத்தை அங்கே திருப்ப வேண்டாம். வங்கதேசம், கென்யா, ஜிம்பாப்வே மூன்று நாடுகளிலும் நடந்த பெரிய ஆய்வுகளில் இந்த வசதிகளால் உயரத்தில் மாற்றம் வரவில்லை.

ஆளால் முடியாதது

ஊர்ப் பணியாளரால் தடைபட்ட பிரசவத்தைத் தீர்க்க முடியாது. கட்டுக்கடங்காத ரத்தப்போக்கு தொடங்கினால், சிகிச்சை இல்லாத நிலையில் சராசரியாக இரண்டு மணி நேரம்தான் அவகாசம் என்பார்கள். நம் ஆஸ்பத்திரியும் இரண்டு மணி நேரத் தூரத்தில். இந்த இடத்தில் ஆள் மேல் எனக்குள்ள பிரியத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டுப் பேச வேண்டும்.

தாமதம் மூன்று வகை என்று 1994இல் இரண்டு ஆய்வாளர்கள் பிரித்துக் காட்டினார்கள். போவோமா வேண்டாமா என்று வீட்டில் தயங்கும் தாமதம், போய்ச் சேரும் தாமதம், போன இடத்தில் கவனிக்கப்படாத தாமதம். பணியாளரும் கூட்டமும் முதல் தாமதத்தைத்தான் குறைப்பார்கள். இரண்டாவதற்கு ராத்திரி இரண்டு மணிக்கும் வரக்கூடிய வாகனம் வேண்டும், அல்லது தேதி நெருங்கியதும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் தங்க ஓர் இடம். வீட்டில் பிரசவம் நடந்தே தீரும் ஊர்களில் குழந்தை பிறந்தவுடன் தாய்க்கு, ரத்தப்போக்கைத் தடுக்கும் மிசோப்ரோஸ்டால் மாத்திரையை 600 மைக்ரோகிராம் கொடுக்கலாம். அதே வேலைக்குப் போடும் ஆக்சிடோசின் ஊசி போல இது குளிர்பெட்டி கேட்காது. கர்நாடகக் கிராமங்களில் துணை நர்ஸ்கள் இந்த மாத்திரையைக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், 2006இல் வெளியானது, பிரசவத்துக்குப் பிந்திய ரத்தப்போக்கு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. வயிற்றில் இன்னொரு குழந்தை இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் கொடுக்க வேண்டும், எனவே பயிற்சி முக்கியம். மூன்றாவது தாமதம் ஆஸ்பத்திரியின் கையில். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளின் 80 ஆஸ்பத்திரிகளில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், ரத்தத்தின் அளவைக் காட்டும் ஒரு பிளாஸ்டிக் விரிப்பை விரித்துச் சீக்கிரம் கண்டுபிடித்து, எல்லாச் சிகிச்சையையும் ஒரே மூச்சில் செய்தபோது கடும் ரத்தப்போக்கு 60 சதவீதம் குறைந்தது. இந்த விரிப்பு உங்கள் ஆஸ்பத்திரியில் இல்லையென்றால் வாங்கிக் கொடுப்பது மலிவான புண்ணியம்.

நானாக இருந்தால்

முதல் மூன்று மாதம் எதையும் வாங்க மாட்டேன். கடந்த இரண்டு வருடத்தில் இந்த ஊர்களில் இறந்த தாய்மார், குழந்தைகள் ஒவ்வொருவர் வீட்டிலும் உட்கார்ந்து, எத்தனையாவது நாள், எந்த இடத்தில், எந்தத் தாமதத்தில் என்று கேட்டு எழுதுவேன். வழியில் இறந்தவர்கள் அதிகம் என்றால் வாகனமும் தங்குமிடமும் முதலில். வீட்டில், முதல் வாரத்தில் இறந்த குழந்தைகள் அதிகம் என்றால் ஆளும் கூட்டமும் முதலில். எட்டாத கிராமங்களில் இந்த இரண்டாவதுதான் அதிகம் இருக்கும் என்பது என் ஊகம். பணத்தில் பாதிக்கு மேல் ஆளுக்கும் மேற்பார்வைக்கும் கூட்டத்துக்கும் போடுவேன். கால் பங்கு அவசர வாகனத்துக்கும் மருந்துக்கும். சிகிச்சை உணவுப் பொட்டலம் கடும் சத்துக்குறைவுக் குழந்தைகளுக்கு மட்டும். பணம் கொடுக்கும் திட்டம் அரசிடம் இருந்தால், தகுதியுள்ள தாய்க்கு அது வந்து சேர விண்ணப்பம் எழுதிக் கொடுப்பதும் பணியாளரின் வேலை.

ஒரே சூழ்நிலையில் இந்த வரிசையை மாற்றுவேன். பஞ்சம், போர், வெள்ளம் என்று ஊரே பட்டினியில் இருக்கும்போது முதலில் உணவு, பிறகுதான் மற்றது.

இவ்வளவு சொன்ன பிறகும் கூட்டத்தில் வண்டிதான் என்று முடிவாகிவிட்டால், சரி, ஒரு வேண்டுகோள். பின்பக்கம் ஒருத்தி காலை நீட்டிப் படுக்கும் அளவு நீளமான வண்டியாகப் பார்த்து வாங்குங்கள். டிரைவரின் போன் நம்பரை நாற்பது ஊர்ச் சுவரிலும் எழுதுங்கள். ராத்திரியில் வலி கண்டவளை அது ஏற்றிக்கொண்டு போகட்டும்.